கணக்கு மாற்றம் இலவசம்

என் அண்ணனுக்கு இடது கால் வலது காலைவிட இரண்டரை சென்டிமீட்டர் குட்டை. அந்த இரண்டரை சென்டிமீட்டரால்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். பள்ளிக்கூடத்தில் அவன் நடையைக் கேலி செய்த ஒருத்தன் சட்டையைக் கிழித்துவிட்டு வந்தவள் நான். வளர்ந்த பிறகு காலணி செய்யக் கற்றேன். கடையில் கிடைப்பது போன்ற காலணி இல்லை, ஒரு கால் இன்னொரு காலோடு ஒத்துப்போகாதவர்களுக்கான காலணி. முதல் ஜோடி அவனுக்குத்தான் செய்தேன். இன்றைக்கும் பதினான்கு மாதத்துக்கு ஒரு ஜோடி அவனுக்குப் போகிறது, காசு வாங்குவதில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்ததைக் கேட்டுவிட்டு 'இவளுக்குக் கூடப்பிறந்த பாசமே கிடையாதா' என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும்.

என் பட்டறை ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, நாலு படி இறங்கிப் போகும் நீள அறை. சுவர் முழுக்கக் கால் அச்சுகள் எண் போட்டுத் தொங்கும். பசை வாசனையும் தோல் வாசனையும் கலந்து துணியில் ஏறிக்கொள்ளும். தூரத்தில் இருக்கிறவர்கள் காகிதத்தில் பாதத்தை வரைந்து அனுப்புவார்கள், நான் செய்து அனுப்புவேன். அவர்கள் என்னைக் கண்டுபிடிப்பது 'நேர்நடை டாட் காம்' என்ற பெயரில். ஒவ்வொரு காலணியின் உள்ளேயும், குதிகால் படும் இடத்தில், பித்தளை முத்திரையைச் சூடு பண்ணி அந்தப் பெயரை அழுத்தியிருப்பேன். ஒன்பது வருஷத்தில் கிட்டத்தட்டத் தொள்ளாயிரம் ஜோடி. தேய்ந்துபோனால் கழற்றி உள்ளே பார்ப்பார்கள், பெயர் இருக்கும், என்னிடம் வருவார்கள். என் விளம்பரம் அவ்வளவுதான்.

அந்தப் பெயரை எனக்கு வாங்கிக்கொடுத்தவன் அண்ணன். டொமைன் எனப்படும் இணையதளப் பெயர்களை வாங்கி விற்பது அவன் பிழைப்பு. யாராவது புதுப்பிக்க மறந்த பெயரைக் காத்திருந்து கொத்திக்கொள்வான், பிறகு அதே ஆளுக்குப் பத்து மடங்கு விலை சொல்வான். 'பெயர்ச்சந்தை' என்று அவனுக்கு ஒரு தளம் உண்டு, அதனால் எல்லோரும் அவனைச் சந்தை என்றே கூப்பிடுவார்கள். "உனக்கு எதுக்கு பாப்பா இந்தத் தலவலி, என் கணக்குலயே இருக்கட்டும்" என்றான். சரி என்று விட்டுவிட்டேன். வருஷா வருஷம் புதுப்பிக்கும் பணத்தை அவன் கையில் கொடுத்தேன். எனக்கு நாற்பத்தொரு வயதாகியும் பாப்பா என்று கூப்பிடும் ஆளை நம்பியது என் தப்புதான்.

அவன் தளத்தில் எந்தப் பெயரைத் தொட்டாலும் ஒரே வரி வரும். 'இந்தப் பெயர் விற்பனைக்கு. கணக்கு மாற்றம் இலவசம். ஐந்தே நிமிடத்தில் உங்கள் கையில்.' இந்த இலவசம் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். டொமைன்களைப் பதிந்து வைத்திருக்கும் கம்பெனிகள் பல உண்டு. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே கம்பெனியில் கணக்கு இருந்தால், பெயரை இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்குத் தள்ளிவிடலாம். கம்பெனி அதற்குக் காசு வாங்குவதில்லை. வேறு கம்பெனிக்குக் கொண்டுபோனால்தான் ஒரு வருஷக் கட்டணம், ஐந்தாறு நாள் காத்திருப்பு எல்லாம்.

அவனோடு இதே தொழில் செய்யும் மொட்டை என்பவர் ஒரு நாள் அம்மா வீட்டில் உட்கார்ந்து இதைப் பற்றி அவனிடம் வாதாடினார். "கம்பெனி சும்மா தர்றத நீ தர்ற மாதிரி போடுறியே, இது ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேங்கற கதையா இல்ல இருக்கு? அதுவும் போக, இலவசம்னு பாத்தா விவரமானவன் இதுல என்ன வில்லங்கமோன்னு ஒதுங்கிடுவான்" என்றார்.

"விவரமானவன் எங்கிட்ட வரவே வேண்டாம்" என்றான் அண்ணன். "இலவசம்ங்கற வார்த்தை காதுல விழுந்தா போதும், பர்ஸ் தானா தெறக்கும்."

நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

போன வருஷம், என் தளத்தைப் புதுப்பித்துக் கொடுத்த பெண், பெயர் உங்கள் கணக்கில் இருப்பதுதான் நல்லது என்றாள். அண்ணனிடம் கேட்டேன். "அடுத்த வாரம் மாத்திடறேன்" என்றான். ஐந்து அடுத்த வாரம் போனது. ஆறாவது வாரம், ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர் போன் செய்தார். என் பழைய வாடிக்கையாளர், வலது பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும்.

"கடைய வித்துட்டீங்களாம்மா? சொல்லவே இல்லையே" என்றார்.

தளத்தைத் திறந்தேன். என் காலணிகள் இல்லை, அளவெடுக்கும் படம் இல்லை. வெள்ளைப் பக்கத்தில் அந்த வரி மட்டும் இருந்தது. இந்தப் பெயர் விற்பனைக்கு. கணக்கு மாற்றம் இலவசம்.

அம்மா வீட்டு முன்னறைதான் அவன் ஆபீஸ். போய் நின்றேன். நான் செய்த காலணியைப் போட்டுக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"கோவப்படாத பாப்பா. ஒரு ஷூ கம்பெனி இந்தப் பேர கேக்குது. பெரிய எடம். வியாபாரம்னா வியாபாரம்தான?"

"அது என் கடை."

"கடை உன்னுது. பேர் என் கணக்குல இருக்கு. பேர் பதிஞ்ச கம்பெனிய கேட்டுப் பாரு, யாரு சொந்தக்காரன்னு சொல்லுவான். ஆனா உனக்குன்னா நான் அவங்க விலைய சொல்வேனா? தங்கச்சி விலை போட்டுத் தரேன்."

தங்கச்சி விலையைச் சொன்னான். அன்றைக்கு என் உடம்பில் ஓடிய எரிச்சலை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கத்தவில்லை. கத்தினால் விலையை ஏற்றுவான், அவனை எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் ஒன்று தீர்மானித்தேன். பெயரை வாங்குவேன், வாங்கியபின் இவனை விடமாட்டேன். எப்படி என்று மட்டும் தெரியாது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய சோல் தைக்கும் மிஷினை விற்றேன். பட்டறையில் அது நின்ற இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. அதன்பின் ஒவ்வொரு சோலையும் குத்தூசியால் கையில் தைத்தேன். ஒரு ஜோடிக்கு ஒரு பகல் போனது. பணத்தை எடுத்துக்கொண்டு போனபோது, பெயரை நான் வேறு கம்பெனிக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதுக்கு ஒரு வருஷக் கட்டணம் யாரு கட்டுறது? இலவசம்னு போட்டிருக்கேன்ல, அங்கயே ஒரு கணக்குத் தொடங்கு" என்றான்.

தொடங்கினேன். அம்மாவின் சமையலறையில், அம்மா டீ போட்டுக்கொண்டிருக்க, அவன் போனை எடுத்தான். என் மின்னஞ்சலை ஒரு முறை கேட்டு அடித்தான். பேசிக்கொண்டே இருந்தான், போன வாரம் ஒரு பல் டாக்டரிடம் அவருடைய பெயரையே அவருக்கு எப்படி விற்றான் என்று. அம்மா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டம்ளரைக் கழுவினாள். அவன் கட்டைவிரல் பட்டியலின் உச்சியில் ஒரு கட்டத்தைத் தொட்டதை நான் எதிரிலிருந்து பார்த்தேன். எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை. கம்பெனி ஏதோ ஒரு எச்சரிக்கையைக் காட்டியது. ஆயிரம் தடவை படிக்காமல் அழுத்திய கை, அன்றும் அழுத்தியது.

"முடிஞ்சுது. அஞ்சு நிமிஷம்கூட ஆகல பாத்தியா? மொட்டை சொன்னான், இலவசம்னு போடாதடான்னு. அவனுக்கு என்ன தெரியும்?"

என் போன் அதிர்ந்தது. 'உங்களுக்கு 418 பெயர்கள் வந்துள்ளன. ஏற்கிறீர்களா? ஏற்றபின் அனுப்பியவர் திரும்பப் பெற முடியாது.'

இரண்டு தடவை படித்தேன். பட்டியலின் உச்சியில் இருந்த கட்டம், மொத்தத்தையும் தேர்ந்தெடுக்கும் கட்டம். ஒரு பெயரை விற்க வந்தவன் முழுக் கடையையும் தள்ளிவிட்டிருக்கிறான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள், எனக்குத் தோப்பே பாலில் விழுந்தது.

"என்ன, வந்துச்சா?" என்றான்.

"வந்துடுச்சுண்ணா" என்றேன். 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினேன். அம்மா கொடுத்த டீயைக் கடைசி வாய்வரை குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவ்வளவு பொறுமை எனக்கு இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

என் பெயரைத் தளத்தோடு சேர்த்துவிட்டு மற்ற பெயர்களைப் படித்தேன். ஒரு டிரைவிங் ஸ்கூல். வீட்டுக்கு வந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நர்ஸ். என் பட்டறைக்கு மூன்று தெரு தள்ளி இருக்கும் பேப்பர் கடை. ஒரு தேதியை மறந்ததற்காக எத்தனை பேர் இவன் முன்னால் போய் நின்றிருப்பார்கள். யாருக்கும் சொந்தமில்லாத, இவனே கற்பனை பண்ணிப் பதிந்த பெயர்களும் நிறைய இருந்தன. அவற்றை மேலோட்டமாகத் தாண்டிப்போனேன், தொடவில்லை. சொந்தக்காரர் இருப்பதை மட்டும் தனியாகக் குறித்தேன், நூற்று எழுபது தேறியது. ஒவ்வொருவருக்கும் எழுதினேன். 'உங்கள் பெயர் என்னிடம் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். பெயரும் இலவசம், கணக்கு மாற்றமும் இலவசம்.'

ஒருத்தரும் பதில் போடவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரருக்கு நானே போன் செய்தேன்.

"இலவசமா? வேணாம்மா. போன தடவ இலவசம்னு ஒருத்தன் வந்தான், பேரு கைக்கு வரல, இன்னும் அவனுக்குத் தவணை அழுதுகிட்டிருக்கேன்" என்றார்.

அந்த ஒருத்தன் யார் என்று எனக்குத் தெரியும். மொட்டை சொன்னது சரிதான். மறுபடி எழுதினேன். 'ஒரு ஜோடி ஷூ லேஸ் விலை. கணக்கு மாற்ற வேலைக்கு என் கூலி தனி, அதுவும் ஒரு ஜோடி லேஸ் விலை.' மளமளவென்று பதில் வந்தது. கூலி கேட்டதும் நம்பிவிட்டார்கள். பேப்பர் கடைக்காரர் நேரிலேயே வந்து, கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று பேரம்கூடப் பேசினார்.

நான்காம் நாள் அண்ணன் போன் செய்தான். குரலில் தேன் ஒழுகியது.

"பாப்பா, அன்னிக்கு ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுடா. எல்லாம் உன் கணக்குக்கு வந்துருக்கும். திருப்பித் தள்ளிவிட்டுடு, அஞ்சு நிமிஷ வேலைதான்."

"பேர் என் கணக்குல இருக்குண்ணா. கம்பெனிய கேட்டுப் பாரு, யாரு சொந்தக்காரின்னு சொல்லுவான்."

போனை வைத்துவிட்டான். கம்பெனியை ஏற்கெனவே கேட்டிருக்கிறான். அனுப்பியது நீங்கள், ஏற்றது அவர், இலவசச் சேவைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்களாம். இதை அவன் சொல்லவில்லை, மறுநாள் வந்த அம்மா சொன்னாள்.

அம்மா அளவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள். மிஷின் இருந்த இடத்தைப் பார்த்தாள். என் விரல்களில் குத்தூசி ஏறிய காயங்களைப் பார்த்தாள்.

"அவன் செஞ்சது தப்புதான்டி. நான் இல்லேங்கல. ஆனா மூணு நாளா சாப்பிடாம கெடக்கான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்க, உனக்கு ஆடலையா?"

"என் மிஷின வித்தப்ப அவன் சதை எங்க போச்சும்மா?"

"நீயும் அவன மாதிரியே ஆயிடுவியா?"

இந்தக் கேள்வி சுட்டது. பொய் சொல்ல மாட்டேன், என் வைராக்கியம் அங்கே கொஞ்சம் தளர்ந்தது. சொந்தக்காரர் இருந்த பெயர்களெல்லாம் அவரவரிடம் போய்விட்டன, திரும்ப வராது என்றேன். மிச்சம் இருக்கும் இருநூற்றுச் சொச்சம் பெயர்களை அவனுக்கே அனுப்பிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அனுப்புவதற்காகத்தான் பட்டியலைத் திறந்தேன், சத்தியமாக. எந்தப் பெயர் எப்போது காலாவதியாகிறது என்று பார்த்து அனுப்பலாம் என்று, பட்டியலைப் பதிந்த தேதி வரிசையில் மாற்றினேன். கடைசியாகப் பதிந்தவை மேலே வந்தன. நேர்நடைஷூ. நேர்நடைகாலணி. என்நேர்நடை. நேர்நடைபட்டறை. பதினோரு பெயர்கள். பதினொன்றும் ஒரே நாளில் பதிந்தவை. என் பெயரை என் கணக்குக்கு மாற்றிக்கொடு என்று நான் அவனிடம் கேட்டதற்கு மறுநாள்.

அப்படியென்றால் அந்த ஐந்து அடுத்த வாரமும் சோம்பேறித்தனம் இல்லை. ஷூ கம்பெனி கேட்டதால் ஆசைப்பட்டான் என்பதும் இல்லை. நான் எந்தப் பெயரில் போய் ஒதுங்கினாலும் அங்கேயும் வாசலில் நின்று காசு கேட்கலாம் என்று, ஒவ்வொரு கதவாக முன்கூட்டியே பூட்டிவைத்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. அது நின்றதும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, காலைல ஒண்ணு சொன்னேன்ல? அத மறந்துடு."

யாருக்கும் சொந்தமில்லாத பெயர்கள் ஒவ்வொன்றையும் அழித்தேன். விற்றிருந்தால் எனக்கு லாபம். அழித்தால் அவனுக்கு நஷ்டம், எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டியது அதுதான். நியாயமா என்று கேட்டால், இல்லை. பதினொன்றில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. இரண்டே பெயர்கள் மிஞ்சின. ஒன்று என்னுடையது. மற்றது பெயர்ச்சந்தை, அவன் கடையின் பெயர், அதுவும் அதே கணக்கில்தானே இருந்தது. அவனுடைய பக்கத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு வரி போட்டேன். அவனுடைய வரிதான். இந்தப் பெயர் விற்பனைக்கு.

இரண்டு நாளில் வந்தான். படியிறங்கும்போதே நடை சரியில்லை என்று சத்தத்தில் தெரிந்தது. இடது சோலின் வெளி ஓரம் தேய்ந்துவிட்டது, பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

"உக்காரு. காலக் காட்டு" என்றேன்.

"நான் கால் காட்ட வரல. சந்தையோட பேர் எனக்கு வேணும். அது போச்சுன்னா என்னை யாருக்கும் தெரியாது."

"தெரியும். என்னையும் அப்பிடித்தான் ஒரு மாசம் யாருக்கும் தெரியாம இருந்துச்சு. உக்காருண்ணா."

உட்கார்ந்தான். அளவெடுத்தேன். பாதம் சற்று அகன்றிருந்தது.

"எவ்வளவு?" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

"அண்ணன் விலை. நான் வித்த மிஷின். புதுசு வேணாம், அதே மிஷின். வாங்கினவன் அட்ரஸ் தரேன். என்ன விலை சொல்றானோ பேசிக்க."

ஒன்பது நாள் ஆனது. வாங்கியவன் இரண்டு மடங்கு கேட்டிருக்கிறான். அந்த ஒன்பது நாளில் நான் பித்தளையில் எழுத்து வெட்டுகிறவரிடம் போய் இரண்டு புது முத்திரைகள் செய்து வாங்கினேன். எழுத்தைப் பார்த்துவிட்டு, "இது ஷூவுக்குள்ளயா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஷூவுக்குள்தான் என்றேன்.

மிஷின் ஒரு வண்டியில் வந்து இறங்கி, அதே நான்கு ஓட்டைகளில் உட்கார்ந்தது. எண்ணெய் விட்டு, அவன் கண் முன்னாலேயே அவனுடைய ஜோடிக்குச் சோல் தைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே நல்ல ஜோடி அது. பிறகு போனை எடுத்து, பெயர்ச்சந்தை என்ற ஒரே ஒரு கட்டத்தைத் தொட்டேன். எச்சரிக்கையை அவனுக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தேன். அனுப்பினேன்.

அவன் போனில் பார்த்தான். "மத்ததெல்லாம்?"

"போக வேண்டியது போயிடுச்சு. மிச்சத்த அழிச்சுட்டேன். என் பேர்ல நீ பூட்டி வெச்சிருந்தியே பதினொண்ணு, அதையும்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. புதுக் காலணியைப் பையில் போட்டுக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு படியேறினான்.

மறுநாள் அம்மா போன் செய்தாள்.

"என்னடி எழுதி வெச்சிருக்க அந்த ஷூவுக்குள்ள? எடது கால்ல 'இந்தப் பெயர் விற்பனைக்கு'ன்னு இருக்கு. வலது கால்ல 'கணக்கு மாற்றம் இலவசம்'னு இருக்கு."

"படிச்சானா?"

"படிச்சான். ரொம்ப நேரம் கையில வெச்சிக்கிட்டே உக்காந்திருந்தான்."

"போட்டுக்கிட்டானா?"

"போட்டுக்கிட்டுத்தான் வெளிய போயிருக்கான். வேற எத போட்டுப்பான், உன்னைத் தவிர யாரு செஞ்சு தருவா?"

நல்ல தோல் போட்டிருக்கிறேன், எழுத்தையும் ஆழமாக அழுத்தியிருக்கிறேன். பதினான்கு மாதம் தாங்கும்.